நாலாவது பாதம்

தடைக்காலம் முடிந்த மூன்றாம் வாரம்.
கடலூர் முதுநகர், துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஐஸ் பேக்டரி.
சுவருக்கு அந்தப் பக்கம் பாளம் பாளமாய்க் குளிர்.
இந்தப் பக்கம் கம்ப்ரசர்,
புதுச்சேரியிலிருந்து ஸ்பானர் பையோடு பஸ்ஸேறி வந்த நான்,
நாற்பத்தேழு டிகிரி.

தண்ணீரிலிருந்து பிழிந்த சூடு எங்காவது போகவேண்டுமே.
கொஞ்சம் என் துப்பட்டாவுக்குள் போயிற்று.
மிச்சம் ரப்பருக்குள்.

முதலில் புகார் சொன்னது மீட்டர் இல்லை.
பின்சுவரை ஒட்டித் தையல் மிஷின் போட்டிருக்கும் தெய்வசிகாமணி.
பிறவியிலேயே காது கேட்காது.
தினமும் வந்து உள்ளங்கையைச் சுவரில் வைப்பாராம்,
பிறகு அந்தக் கையை உதறிக் காட்டுவாராம்.
காசு கேட்கிறார் என்று நினைத்து
பத்து ரூபாய் கொடுத்தாராம் முதலாளி வேதபுரி.

நாலு பாதம் கம்ப்ரசருக்கு.
இரும்புத் தட்டு, நடுவில் கருப்பு ரப்பர், மறுபடி இரும்பு.
மேலே குதிக்கிறதை வாங்கிக்கொள், கீழே சொல்லாதே:
அதற்கு இட்ட வேலை அவ்வளவுதான்.

சூடு அதை ஒரேயடியாய்க் கெடுப்பதில்லை.
முதலில் இளக்கும்.
இளகின ரப்பர் அதிர்வை இன்னும் நன்றாகவே விழுங்கும்,
பார்க்கிறவர் சூப்பர் என்பார்.
மிஷினை நிறுத்தும்போதுதான் தெரியும்.
வேகம் இறங்கி ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கடக்கையில்
மொத்த இரும்பும் ஒரு துள்ளு துள்ளும்,
இளகினதற்கு அடக்கத் தெம்பிருக்காது.
அப்புறம் சுமையில் தாழும், நூல் நூலாக.
ராத்திரி ஆறினாலும் ஏறாது.
அதற்கும் அப்புறம், யாரும் குனிந்து பார்க்காத ஏதோ ஒரு வாரத்தில்
இளகினது இறுகத் தொடங்கும்.

கடினமானி ஊசியை அழுத்தினேன்.
ஐம்பத்தெட்டு. அறுபது. ஐம்பத்தொன்பது.
நாலாவது, அமோனியா கொதித்து வெளியேறும் குழாய்க்கு அடியில் இருப்பது,
எண்பத்திரண்டு.
நகம் இறங்கவில்லை. ஓரமெல்லாம்
பழைய செருப்பு மடிகிற இடம் மாதிரி வெடிப்பு.
மூன்றும் வாயை மூடிக்கொண்டிருக்க
இது மட்டும் எல்லாவற்றையும் தரையிடம் ஒப்பித்திருக்கிறது.
தரை சுவரிடம்.
சுவர் அவரிடம்.

ஜாக்கி போட்டுத் தூக்கி நாலையும் மாற்றினேன்.
ஒன்று மட்டும் புதிதானால் பழைய மூன்றோடு ஒத்துப்போகாது.
குழாய்க்குக் கீழே ஒரு தகரத்தை வளைத்து மறைப்பு வைத்தேன்.
ஓடவிட்டு
தரையில் ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினேன்.
நின்றது.
ஐஸ் உடைக்கிற பையன்கள் கைதட்டினார்கள்.

தெய்வசிகாமணி வந்தார்.
சுவரில் கை வைத்தார்.
இடம் மாற்றி வைத்தார்.
குனிந்து, இன்னும் கீழே.
பிறகு கன்னத்தை.
நான் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்றேன்,
அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் மனைவி செண்பகவல்லிதான் சொன்னாள்:
எப்பவும் லேசா நடுங்குங்க அந்தச் சுவரு.
கரண்டு போச்சா, வந்துச்சா,
போட்டுக்கு ஐஸ் ஏத்துறாங்களா, எல்லாம் அவருக்கு அதுலதான்.
இந்த மாசம் ரொம்பக் கத்துதுன்னு சொல்லத்தான் வந்தாரு.
வாயடைக்கச் சொல்லலையே.

தரைக்குப் போகும் அதிர்வில்
தொண்ணூறு சதவீதம் தடுக்கப்பட்டது என்று
அறிக்கையில் எழுதி வேதபுரியிடம் கையெழுத்து வாங்கினேன்.
மீதி பத்து
அவர் விரலுக்கு எட்டுமா என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.

அடுத்த வாரம் வேதபுரி போன் செய்தார்.
அந்த டைலர் மத்தியானம் ஆனால் உள்ளே வந்துவிடுகிறாராம்,
கம்ப்ரசர் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாராம்,
சுடுமே, என்ன செய்ய?

பெல்ட்டுக்கு விலகி நிற்கச் சொல்லுங்கள் என்றேன்.
குழாய்ப் பக்கம் வேண்டாம்.
எதிர் மூலை,
முதல் பாதத்துக்கு மேலே. அங்கே சூடு குறைவு.